நீர்மூழ்கிக்குள் கட்டுப்பாட்டுப் பொறியியலாளருக்கு என்ன வேலை?

வாசகர் கேள்வி, 8 ஜனவரி 2024

"அக்கா, டைட்டனை வீடியோ கேம் கொன்ட்ரோலரால் ஓட்டினார்கள் என்று பார்த்தோம். அமெரிக்கக் கடற்படையும் அதையே பாவிக்கிறதாம். ஓட்டோ பைலட்டும் வந்துவிட்டது. அப்படியென்றால் நீர்மூழ்கியின் கட்டுப்பாட்டுத் தொகுதியில் பொறியியலாளர் செய்வதற்கு என்ன மிச்சம்? வீடு உப்புவெளி. கிளிநொச்சியில் பொறியியல் படிக்கிறேன். இந்தத் துறைக்குப் போகலாமா?"

9 ஜனவரி, இரவு

இரண்டு விசயங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. 2023 ஜூன் 18 அன்று டைட்டானிக்கின் சிதைவைப் பார்க்க டைட்டன் என்ற சிறு நீர்மூழ்கியில் போன ஐந்து பேரும் இறந்ததற்கு அந்தக் கொன்ட்ரோலர் காரணமில்லை. நொறுங்கியது கார்பன் நாரால் செய்த உடல். அமெரிக்கர்கள் எக்ஸ்பொக்ஸ் கொன்ட்ரோலர் பாவிப்பது உண்மை, ஆனால் கப்பலை ஓட்டுவதற்கில்லை. 2018இல் சேவையில் சேர்ந்த கொலராடோ என்ற நீர்மூழ்கியில் அதைப் பெரிஸ்கோப்புக்குப் பதிலாக வந்த கமெராத் தூணைத் திருப்பப் பாவித்தார்கள். இளம் மாலுமிகளுக்குக் கை பழகிய பொருள், விலையும் குறைவு. நல்ல முடிவு.

கொலராடோவைப் போன்ற வர்ஜீனியா வகை நீர்மூழ்கிகளை ஓட்டுவதற்கு வேறு ஜொய்ஸ்டிக் இருக்கிறது. முன்பு நாலு பேர் செய்த வேலையை இப்போது இரண்டு பேர் செய்கிறார்கள். குறைந்த அந்த இரண்டு பேரின் மூளை எங்கே போனது என்று கேளுங்கள். அது மென்பொருளுக்குள் போனது. கை என்ன சொன்னாலும் எவ்வளவு தூரம் கேட்பது, எந்த நேரம் மறுப்பது என்று யாரோ முன்கூட்டியே உட்கார்ந்து எழுத வேண்டும். இங்கிலாந்தில் நான் பார்த்த வேலை அதுதான்.

வேலை கிடைக்குமா என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன். அதற்கு நேர்மையான பதில் கொஞ்சம் நீளம்.

10 ஜனவரி

கப்பலும் நீர்மூழ்கியும் ஒரே சாதி என்று நினைத்தால் ஒன்றும் விளங்காது. கப்பலில் 10 தொன் கூட ஏற்றினால் அது கொஞ்சம் தாழ்ந்து, அங்கேயே மிதக்கும். கடல் தானாகவே கணக்கை நேர்செய்துவிடும். முழுக்க மூழ்கிய நீர்மூழ்கிக்கு அந்த வசதி இல்லை. அதன் நிறையும் அது விலக்கும் நீரின் நிறையும் சமமாக இருக்க வேண்டும். கூடினால் கீழே போகும், குறைந்தால் மேலே வரும், நடுவில் தானாக நிற்கும் இடம் என்று ஒன்றும் கிடையாது.

நம் கொட்டியார்குடாவையே எடுங்கள். மாரியில் மகாவலி பெருகி வந்து குடாவுக்குள் விழுகிறது. மேலே உப்புக் குறைந்த நீர், கீழே உப்பு நீர். சாதாரணக் கடல்நீர் கன மீற்றருக்கு 1025 கிலோ அளவில் நிற்கும். அது 1022 ஆகிறது என்று வையுங்கள். மூன்றே கிலோ வித்தியாசம். 2000 தொன் நீர்மூழ்கி ஒன்று அந்த நீருக்குள் நுழைந்தால் கிட்டத்தட்ட 6 தொன் 'பாரமாகிவிடும்'. யாரும் ஒன்றும் ஏற்றவில்லை, மாறியது தண்ணீர் மட்டும். நிலாவெளியில் சுழியோடிகளைக் கேட்டால் சொல்வார்கள், குளத்தில் இறங்குவதற்கும் கடலில் இறங்குவதற்கும் இடுப்பில் கட்டும் ஈயம் ஒன்றல்ல.

அந்த 6 தொன்னைத் தொட்டியிலிருந்து கடலுக்குள் பம்ப் பண்ண வேண்டும். 100 மீற்றர் ஆழத்தில் வெளியே கடல் 10 வளிமண்டல அழுத்தத்துடன் தள்ளிக்கொண்டிருக்கும், அதை எதிர்த்துத்தான் பம்ப் வேலை செய்ய வேண்டும். அதற்கு நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் கப்பலை எப்படிப் பிடித்து வைப்பது? எங்கள் துறையின் பாதி இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும்.

நிறைக்கணக்கு கட்டும் இடத்திலேயே பிழைத்தாலும் இதே கதைதான். ஸ்பெயினின் எஸ்-81 நீர்மூழ்கி அளவுக்கு மீறிப் பாரம் என்று 2013இல் தெரியவந்தது. உடலைச் சுமார் 10 மீற்றர் நீட்டித்தான் சரிசெய்தார்கள். கடற்படையிடம் கையளித்தது 2023இல்.

10 ஜனவரி, பிந்தி

ஆழம் போகப் போக உடலும் கொஞ்சம் சுருங்கும், அதனால் விலக்கும் நீர் குறையும், கப்பல் இன்னும் பாரமாகும். மாலுமிகள் இதைப் புதியவர்களுக்குக் காட்ட ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மேலே நிற்கும்போது சுவருக்குச் சுவர் ஒரு நூலை இறுக்கமாகக் கட்டுவார்கள். இறங்க இறங்க நூல் தொய்ந்து வயிறு வைக்கும். சமன்பாட்டில் எத்தனையோ முறை எழுதிய அந்த உறுப்பை, தொய்ந்த நூலாகப் பார்த்த அன்று நான் நீண்ட நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

11 ஜனவரி

"விமானத்தைப் போலத்தானே?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். ஒரு எல்லை வரை சரி. நீர்மூழ்கியின் பின்பக்கத்தில் கிடையாகச் சிறகுகள் இருக்கும், பின் பிளேன் என்போம். முன்பக்கத்திலோ கோபுரத்திலோ இன்னொரு சோடி, முன் பிளேன். வேகமாகப் போகும்போது மேலே வர வேண்டுமென்றால் பின் பிளேன் வாலைக் கீழே அழுத்தும், மூக்கு உயரும், சாய்ந்த உடலை நீர் மேலே தூக்கும். இதுவரை விமானம்தான்.

வேகத்தை 2, 3 நொட் (மணிக்கு 4 முதல் 6 கிலோமீற்றர்) அளவுக்குக் குறையுங்கள். இப்போதும் பின் பிளேன் வாலைக் கீழே அழுத்துகிறது. ஆனால் கப்பலின் பாரம் அடியில் இருப்பதால் அது தன்னைத்தானே மட்டமாக நிமிர்த்திக்கொள்ளும். அந்த வேகத்தில் மூக்கை உயர்த்தும் பலம் பிளேனுக்கு இல்லை. மிஞ்சுவது வாலை அழுத்தும் விசை மட்டும். ஆகவே மேலே வா என்று கட்டளை கொடுத்தால் முழுக் கப்பலும் கீழே போகும்.

ஒரே பிளேன், ஒரே கட்டளை, வேகம் மாறியதும் எதிர் விளைவு. இரண்டுக்கும் நடுவில் ஒரு குறித்த வேகத்தில் பின் பிளேனை என்ன செய்தாலும் ஆழம் மாறாது. அதனால் மெதுவாகப் போகும்போது முன் பிளேனில்தான் நம்பிக்கை வைப்பார்கள். ஓட்டோ பைலட் எழுதுகிறவருக்கு இது தெரியாவிட்டால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள் தம்பி. மென்பொருள் மேலே வரச் சொல்லும், கப்பல் இறங்கும், மென்பொருள் இன்னும் கூடச் சொல்லும்.

13 ஜனவரி

10ஆம் திகதி எழுதியதை வாசித்தால் நீர் மாறுவது ஆறுதலாக நடக்கும் காரியம் போலத் தோன்றும். எப்போதும் அப்படியில்லை. அடர்த்தி வேறான இரண்டு நீர்ப்படைகளின் எல்லையில் கடலுக்குள்ளேயே அலை ஓடும். உள்ளலை. மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, உள்ளே பத்துக்கணக்கான மீற்றர் ஏறி இறங்கும். 2021 ஏப்ரலில் பாலிக்கு வடக்கே 53 பேருடன் இந்தோனேசியாவின் நங்காலா நீர்மூழ்கி மூழ்கிப்போனபோது, உள்ளலை ஒரு காரணமாக இருக்கலாம் என்று அந்நாட்டுக் கடற்படை அதிகாரிகள் சொன்னார்கள். கிடைத்த இடம் 800 மீற்றருக்கும் கீழே.

இது நமக்குத் தூரத்துக் கதையில்லை. அந்தமான் நிக்கோபார் பக்கம் கடல் பெருக்கால் பிறக்கும் உள்ளலைகள் வங்காள விரிகுடாவைக் குறுக்கே கடந்து திருமலைக்கு வருகின்றன. அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஒரு வாரமளவில் நம் துறைமுக நீர்மட்டம் சிறிதாக ஏறி இறங்குவதை நீர்மட்டப் பதிவுகளில் கண்டு ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். இதைப் படித்த பிறகு கோணேசர் கோயில் மலையில் நின்று கடலைப் பார்க்கும்போது எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. கீழே குடாவிலிருந்து கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று ஆழ்கடலுக்கு இறங்குகிறது. அதற்கு மேலே இப்படி ஒரு போக்குவரத்து.

17 ஜனவரி

பொங்கல் வேலைகளில் சில நாள் எழுதவில்லை. இடையில் வந்த கேள்விகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது: "கணினி எப்போது பிழை விடும்?"

கணினி பிழை விடுவது குறைவு. அதற்குச் சொல்லப்படும் சேதி பிழையாக இருப்பதுதான் ஆபத்து.

எங்கள் சோதனைக்கூடத்தில் உண்மையான ஹைட்ரோலிக் தண்டுகள் உண்மையான அழுத்தத்தில் ஓடும். கடல் மட்டும் கணினிக்குள். ஆழம் அளப்பது உண்மையில் அழுத்தம் அளப்பதுதான், 10 மீற்றருக்கு ஒரு வளிமண்டலம். வெளிக் கடலிலிருந்து ஒரு மெல்லிய குழாய் உள்ளே வந்து, ஒரு சிறு வால்வைத் தாண்டி, சென்சரில் முடியும். திரையில் ஆழம் 60 மீற்றர். அந்த வால்வை மூடச் சொன்னார்கள், மூடினேன். பாவனைக் கடலில் கப்பல் 70, 80, 90 என்று இறங்கிக்கொண்டிருந்தது. திரையில் 60. குழாய்க்குள் அடைபட்ட அழுத்தம் அப்படியே நின்றது. அபாய மணி இல்லை, சிவப்பு விளக்கு இல்லை. பார்க்க அவ்வளவு ஒழுங்கான, அமைதியான எண்.

மூன்று சென்சர் வைத்து, இரண்டு ஒத்துப்போனால் அதை நம்பு என்று விதி எழுதலாம். ஆனால் அந்த இரண்டும் ஒரே குழாயில் தொங்கினால்? இரண்டும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்லும், உண்மை சொல்லும் மூன்றாவதைக் கணினி ஒதுக்கிவிடும். ஆகவே வேறு வழியாலும் கேட்க வேண்டும். 8 நொட் வேகத்தில் மூக்கு 5 பாகை கீழே சாய்ந்திருந்தால் கப்பல் நிமிடத்துக்கு 20 மீற்றருக்கு மேல் இறங்கியாக வேண்டும். இறங்கவில்லை என்று ஆழமானி சொன்னால் பொய் சொல்வது ஆழமானி. இன்னொன்று: கடலில் இருக்கும் எந்த எண்ணும் கொஞ்சமாவது நடுங்கும். நடுங்காத எண்ணைச் சந்தேகி என்று மென்பொருளுக்கே சொல்லிக்கொடுக்கலாம்.

போன நவம்பரில் பிரித்தானியப் பத்திரிகைகளில் ஒரு செய்தி வந்தது. அணு ஏவுகணை தாங்கும் அவர்களுடைய நீர்மூழ்கி ஒன்றில் ஆழமானி வேலை செய்யாமல் போக, கப்பல் இறங்கிக்கொண்டிருந்ததைப் பின்பகுதியில் இருந்த பொறியியலாளர்கள் வேறொரு மானியைப் பார்த்துக் கண்டுபிடித்தார்களாம். வாசித்தபோது எனக்கு நினைவு வந்தது அந்த வால்வுதான்.

17 ஜனவரி, இன்னும் கொஞ்சம்

தெட்டிஸ் என்ற பிரித்தானிய நீர்மூழ்கியின் கதையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 1939 ஜூன் 1, லிவர்பூல் குடா, புதுக் கப்பலின் பரீட்சார்த்த ஓட்டம். டோர்பிடோக் குழாயின் உள் கதவைத் திறக்குமுன் உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னக் குழாய்த் திறப்பு உண்டு. திறந்தார்கள், தண்ணீர் வரவில்லை. குழாய் வெறுமை என்று கதவைத் திறந்தார்கள். உண்மையில் வெளிக் கதவு திறந்து கிடந்தது, குழாய் நிறையக் கடல். அந்தச் சின்னத் துளையைப் பெயின்ற் அடைத்திருந்தது. 99 பேர் இறந்தார்கள், தப்பியவர்கள் 4 பேர்.

'தண்ணீர் வரவில்லை' என்பதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம் என்று அந்தத் துளையைத் திறந்து பார்த்தவருக்குத் தோன்றியிருந்தால் போதும். புதிதாகச் சேரும் ஒவ்வொருவரிடமும் நான் இதைத்தான் கேட்பேன்: உன் சென்சர் ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்கும், ஒன்றும் இல்லை என்று சொல்வதற்கும் இடையில் வித்தியாசம் காட்டுமா?

20 ஜனவரி

டொக்யாட்டில் வேலை செய்த ஐயா ஒருவர், திருமலையில் நீர்மூழ்கிகள் நின்ற காலத்தைப் பற்றியும் எழுதச் சொல்கிறார். எழுதத்தான் வேண்டும். இங்கே பலருக்கு எண்ணெய்க் குதங்கள் தெரியும், 1942 ஏப்ரல் 9 யப்பானியக் குண்டுவீச்சு தெரியும், இது தெரியாது.

அந்த யுத்தத்தில் பிரித்தானிய, ஒல்லாந்த நீர்மூழ்கிகள் திருமலையிலிருந்து மலாக்கா நீரிணை வரை போய் வந்தன. மெயிட்ஸ்டோன், அடமன்ட் என்ற தாய்க்கப்பல்கள் நம் துறைமுகத்தில் நின்று அவற்றுக்குப் பட்டறையாக இருந்தன. அந்த நீர்மூழ்கிகளில் டாலி-ஹோ என்பது 1944 ஜனவரி 11 அன்று பினாங்குக்கு அப்பால் குமா என்ற யப்பானியப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. அடுத்த மாதம் ஒரு யப்பானியச் சிறுகப்பல் அதன் பக்கத்தை உரசிப் போனபோது, அந்தச் சிறுகப்பலின் விசிறி டாலி-ஹோவின் இடப்பக்க மிதவைத் தொட்டிகளைக் கிழித்துவிட்டது. ஒரு பக்கம் சாய்ந்தபடியே டாலி-ஹோ திருமலை வந்து சேர்ந்தது.

என் கண் போவது அந்தச் சாய்விலேயே. கிழிந்தது வெளித் தொட்டி, மனிதர் இருக்கும் அழுத்த உடல் தப்பியது. இடப்பக்கத் தொட்டியில் காற்று நிற்காது, வலப்பக்கத்தில் நிற்கும். இரண்டு பக்கமும் சமன் என்று நினைத்துச் செய்த ஒவ்வொரு கணக்கும் அந்த நிமிடத்திலிருந்து செல்லாது. கணினி இல்லாத காலம். வால்வுச் சக்கரங்களைப் பிடித்த கைகளே புதுக் கணக்குப் போட்டு வங்காள விரிகுடாவைக் கடந்து வந்திருக்கின்றன. எங்கள் மென்பொருளில் 'பழுதுபட்ட நிலை' என்று ஒரு பகுதி எழுதும்போதெல்லாம் நான் அந்தக் கப்பலை வைத்து யோசிப்பேன்.

22 ஜனவரி

வேகமாகப் போகும்போது பின் பிளேன் கீழ்நோக்கி இறுகிவிட்டால் என்ன என்று கேட்டவருக்கு: 20 நொட் வேகம், மூக்கு 20 பாகை கீழே. செக்கனுக்கு 3.5 மீற்றர். 100 மீற்றர் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆகவே எந்த ஆழத்தில் எந்த வேகத்துக்குப் பிளேனை எவ்வளவு திருப்ப விடலாம் என்று எல்லைக்கோடு வரைந்து வைப்போம். 1969 பெப்ரவரியில் அமெரிக்காவின் சொப்பர் நீர்மூழ்கி மின்சாரம் போய் ஏறக்குறைய செங்குத்தாக மூக்குக் குத்தி இறங்கியது, பிறகு மீண்டது. சுவீடனின் கொட்லாந்து, ஜெர்மனியின் 212 வகை நீர்மூழ்கிகளில் வால் எக்ஸ் வடிவம். ஒரு சிறகு இறுகினால் மற்ற மூன்றும் சேர்ந்து ஈடுகட்டலாம். ஆனால் நாலையும் மனிதக் கை தனித்தனியே கலந்து ஓட்டுவது பெரும்பாடு, அங்கே கணினி இல்லாமல் முடியாது.

25 ஜனவரி

பெண்ணாக அங்கே எப்படி இருந்தது என்று இரண்டு தங்கைகள் கேட்டிருக்கிறார்கள். பிரித்தானிய நீர்மூழ்கிகளில் பெண்கள் மாலுமிகளாகச் சேரத் தொடங்கியதே 2014 அளவில். அதற்கு முன்பு நான் பெரும்பாலும் சோதனைக்கூடத்தில் இருந்தேன். என் மென்பொருள் கடலுக்குப் போகும், நான் கரையில் நின்று அறிக்கைக்குக் காத்திருப்பேன். அது எனக்கு மனவருத்தம்தான், மறைக்க விரும்பவில்லை. பிறகு நானும் போனேன்.

போனபோது ஓட்டுபவரின் கதிரைக்குப் பின்னால் ஒரு மடக்கு முக்காலியில் இருந்து குறிப்பெடுத்தேன். ஒரு மின் வழங்கலை வேண்டுமென்றே துண்டித்துப் பார்க்கும் சோதனை. ஒரு காரணம், ஆனால் திரை முழுக்க அபாயச் செய்திகள் வரிசை கட்டி வந்து, முக்கியமான வரி மேலே ஓடி மறைந்தே போனது. ஓட்டிய மூத்த மாலுமி திரையை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த வளைந்த கண்ணாடிக் குழாயைப் பார்த்தார். உள்ளே திரவம், ஒரு காற்றுக்குமிழ். கப்பல் சாய்ந்தால் குமிழ் நகரும், அவ்வளவுதான். மின்சாரம் தேவையில்லை. குமிழைப் பார்த்தே கப்பலை மட்டமாகப் பிடித்தார்.

அதன் பிறகு நான் அதிகம் பாடுபட்டது எந்தச் செய்தியைக் காட்டாமல் விடுவது என்பதில்தான். ஒரு வேர்க்காரணம், அதிலிருந்து பிறந்த நாற்பது முறைப்பாடு. வேரை மட்டும் முதலில் காட்டு. சொல்ல எளிது, ஆனால் 'இதை மறைக்கலாம்' என்று ஒவ்வொரு வரிக்கும் கையெழுத்து வைக்க இரவில் நித்திரை வராது.

6 பெப்ரவரி

இந்தியாவின் கரஞ்ச் நீர்மூழ்கி 3ஆம் திகதி கொழும்புக்கு வந்தது. 67.5 மீற்றர் நீளம், 53 பேர். படத்தைப் பார்த்துவிட்டு "இவ்வளவு சின்னதா?" என்கிறார்கள். தெரிவது முதுகு மட்டும். போன ஜூனில் வகீர் வந்தபோதும் இதே கேள்வி வந்தது.

11 பெப்ரவரி

சரி, வேலை. தம்பி, இலங்கைக் கடவுச்சீட்டோடு இன்னொரு நாட்டின் போர் நீர்மூழ்கித் திட்டத்துக்குள் போக முடியாது. பாதுகாப்பு அனுமதி கிடைக்காது. குடியுரிமை எடுத்த பிறகே எனக்குக் கதவு திறந்தது, அப்போதும் சில அறைகள் மூடியேதான் இருந்தன. ஒரு கூட்டத்தின் நடுவில் என்னை மட்டும் வெளியே போகச் சொன்ன நாள் உண்டு. நான் எழுதிய பகுதியைப் பற்றிய கூட்டம் அது. விதி விதிதான், ஆனால் வெளியே நடைபாதையில் நின்ற அந்த நேரம் இன்னும் ஆறவில்லை.

இந்த அறிவை வேறு கதவாலும் கொண்டுபோகலாம். எண்ணெய், எரிவாயு, கடலடிக் கேபிள், காற்றாலை எல்லாவற்றுக்கும் ஆளில்லாத நீரடி வாகனங்கள் ஓடுகின்றன. நிறை, மிதப்பு, பொய் சொல்லும் சென்சர், எல்லாம் அதே பாடம். நம் நாட்டுக்கே கடலடி அளவைக்கு ஆட்கள் வேண்டும். திருமலைக்கு முன்னால் இப்படியொரு பள்ளத்தாக்கு கிடக்க, அதை அளப்பதற்கு வெளியிலிருந்து கப்பல் வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

போகுமுன் கணினியில் ஒரு மாதிரி செய்து பாருங்கள். 2000 தொன், ஒரு தொட்டி, ஒரு பம்ப், ஆழத்தைப் பிடித்து வைக்கும் ஒரு பீஐடி (இப்போதைய பிழை, இதுவரை சேர்ந்த பிழை, பிழை மாறும் வேகம் மூன்றையும் பார்த்துத் திருத்தும் கட்டுப்பாட்டு முறை). நடுவில் நீரின் அடர்த்தியை 1025இலிருந்து 1022க்கு மாற்றுங்கள்.

19 பெப்ரவரி

உங்கள் மாதிரியின் வரைபு கிடைத்தது. முதல் முயற்சிக்கு நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் உங்கள் கப்பல் சில செக்கனில் 6 தொன் நீரை வெளியே தள்ளிவிடுகிறது, அப்படிப்பட்ட பம்ப் உலகத்தில் இல்லை. பம்புக்கு வேக எல்லை போடுங்கள். போட்டதும் கப்பல் குறித்த ஆழத்தைத் தாண்டி மேலும் கீழும் ஊஞ்சலாடத் தொடங்கும், பயப்பட வேண்டாம். பம்ப் ஏற்கனவே முழு வேகத்தில் ஓட, உங்கள் பீஐடியில் சேர்ந்த பிழையைப் பார்க்கும் தொகையீட்டு உறுப்பு இன்னும் பிழையைக் கூட்டிக்கொண்டே போகிறது. எல்லையைத் தொட்டதும் கூட்டுவதை நிறுத்தச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள்.

22 பெப்ரவரி

ஆம், அந்த ஒரு வரிதான். இப்போது ஆழ சென்சரை 60இல் உறைய வைத்து, கப்பல் எப்போது சந்தேகப்படுகிறது என்று பார்த்து அனுப்புங்கள்.